மடியில் தேங்காய், கணக்கில் பாக்கி

ஆறேழு மாதக் கர்ப்பிணி ஒருவரைப் பலகையில் அமர்த்துகிறார்கள். தலையில் சிவப்புத் துப்பட்டா போர்த்தப்படுகிறது. நெற்றியில் திலகம், கைகளில் கண்ணாடி வளையல். விரித்த முந்தானையில் ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி கொண்டைக்கடலை, வெல்லக்கட்டி, கீரைக்கட்டு. அவற்றோடு அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரை அட்டை. சுற்றி நிற்கும் பெண்கள் பிள்ளைப்பேற்றுப் பாடல் பாடுகிறார்கள். ஒருவர் கைபேசியில் படம் எடுக்கிறார். அந்தப் படம் துறையின் இணையப் பலகையில் ஏறியதும் சடங்கு நிறைவு பெறுகிறது. வட மாநிலங்களில் இதற்கு 'கோத் பராயீ' என்று பெயர். மடி நிரப்புதல் என்பது அதன் பொருள்.

காலங்காலமாக மாமியார் வீட்டிலோ தாய் வீட்டிலோ நடந்துவந்த இச்சடங்கு இன்று அரசு நிகழ்ச்சி. 2018 மார்ச் 8 அன்று, சர்வதேச மகளிர் தினத்தில், ராஜஸ்தானின் ஜுன்ஜுனு நகரில் பிரதமர் மோடி ஊட்டச்சத்து இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். (2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 837 பெண் குழந்தைகள் மட்டுமே இருந்த மாவட்டம் அது, கணவனின் சிதையில் ஏறியதாகச் சொல்லப்படும் பெண்ணுக்கு எழுப்பிய ராணி சதி ஆலயமும் அந்நகரில்தான் உள்ளது.) அந்த இயக்கத்தின்படி ஒவ்வோர் அங்கன்வாடி மையமும் மாதம் இருமுறை சமுதாய நிகழ்ச்சி நடத்த வேண்டும். நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒதுக்கீடு 250 ரூபாய். மடி நிரப்புதலும் ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறூட்டும் அன்னப்பிராசனமும் இந்நிகழ்ச்சிகளின் பட்டியலில் இடம்பெறுகின்றன. நாடு முழுவதும் மையங்கள் ஏறத்தாழ 14 லட்சம். ஆண்டுதோறும் ஊட்டச்சத்து மாதம் வரும்போது இந்தப் படங்கள் பெருகுகின்றன. தமிழ்நாட்டிலும் அரசே நடத்தும் 'சமுதாய வளைகாப்பு' இருக்கிறது. ஆகவே இது இந்தி மாநிலங்களின் விந்தை என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிட இயலாது.

தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவைக் கொண்டாடுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். கொண்டாட்டத்தில் தவறில்லை. கொண்டாடுபவர் கடன்காரராக இருக்கும்போதுதான் சந்தேகம் எழ வேண்டியிருக்கிறது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, அரசிலும் பொதுத்துறையிலும் நிரந்தரப் பணியில் இருப்போர் நீங்கலாக, கர்ப்பிணியாகவும் பாலூட்டும் தாயாகவும் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு உரிமைகளை அளித்தது. கர்ப்ப காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின் ஆறு மாதமும் இலவச உணவு. 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால நிதி. 'குறையாத' என்பது சட்டத்தின் சொல். முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை என்ற பாகுபாடு அங்கே இல்லை. ஆணா பெண்ணா என்ற கேள்வியும் இல்லை.

மூன்றாண்டுகளுக்கு மேல் இப்பிரிவு ஏட்டளவில் கிடந்தது. நடைமுறையில் இருந்ததெல்லாம் 53 மாவட்டங்களில் 2010இல் தொடங்கப்பட்ட முன்னோட்டத் திட்டம் மட்டுமே. பிறகு, பணமதிப்பிழப்பால் நாடே வங்கி வாசலில் வரிசையில் நின்ற 2016 டிசம்பர் 31ஆம் நாள் இரவில், கர்ப்பிணிகளுக்கு 6,000 ரூபாய் என்று பிரதமர் அறிவித்தார். மூன்றாண்டுப் பழைய சட்டக் கடன் புத்தாண்டுப் பரிசாக உருமாறியது. பரிசும் முழுதாக வந்து சேரவில்லை. பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தபோது 6,000 ரூபாய் 5,000 ஆயிற்று, முதல் உயிருள்ள குழந்தைக்கு மட்டும் என்றாயிற்று, மூன்று தவணையாயிற்று. கணவரின் ஆதார் அட்டையும் கேட்கப்பட்டது. கைவிடப்பட்டவரும் மணமாகாமல் தாயானவரும் அந்த ஒரு நிபந்தனையாலேயே வெளியே நிறுத்தப்பட்டனர். 2022இல் திட்டம் திருத்தப்பட்டது. கணவரின் ஆதார் கட்டாயமில்லை என்றானது. இரண்டாவது குழந்தைக்கு 6,000 ரூபாய் உண்டு என்றானது. ஆனால் அக்குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும். இரண்டாவதாக ஆண் குழந்தை பெற்ற கூலிப் பெண்ணுக்கு உடல் தளரவில்லையா, கூலி இழப்பு இல்லையா? பெண் குழந்தையைப் போற்றுகிறோம் என்பது விளக்கம். தாயின் உரிமையைப் பிறக்கும் குழந்தையின் பாலினத்தில் கட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு அது நல்ல முகமூடி.

'வந்தனா' என்றால் வணக்கம். தாயை வணங்கும் திட்டம் தாய்க்குச் சேர வேண்டியதில் கைவைக்கிறது.

அமைப்புசார் தொழிலில் இருக்கும் பெண்ணுக்கு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரண்டு மகப்பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத்திலிருந்து மீளவும் பாலூட்டவும் ஒரு தாய்க்கு அரையாண்டு வேண்டும் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டதாக இதற்குப் பொருள். 26 வாரம் என்பது 182 நாள். 5,000 ரூபாயை 182ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 27 ரூபாய் சில்லறை கிடைக்கிறது. செங்கல் சூளையில், வயலில், கட்டுமானத் தளத்தில் உழைக்கும் பெண் இந்த 27 ரூபாயை நம்பி ஆறு மாதம் வீட்டில் இருந்து தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று மடி நிரப்பும் நிகழ்ச்சியில் அவளுக்கு அறிவுரை வழங்கப்படுகிறது. அங்கன்வாடியில் அவளுடைய துணை உணவுக்கு 2017இல் நிர்ணயிக்கப்பட்ட செலவு வரம்பு நாளொன்றுக்கு 9 ரூபாய் 50 காசு. அந்த உணவுப் பொட்டலத்தைப் பெறவும் 2025 ஜூலை முதல் கைபேசிச் செயலியின் முன் முகத்தைக் காட்டி அடையாளம் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. சடங்கில் படம் எடுக்கும் கைபேசிக்கு அவள் முகம் எளிதில் அகப்படுகிறது. பொட்டலம் தரும் செயலி அவளை அவ்வளவு எளிதில் அடையாளம் காண்பதில்லை.

அரசின் கணக்கே இவற்றுக்குச் சாட்சி. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ளனர். முந்தைய ஆய்வில் 50.4. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் இரத்தசோகை 58.6இலிருந்து 67.1 விழுக்காடாக ஏறியது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் 11.3 விழுக்காட்டினர். அன்னப்பிராசனத்தில் கரண்டி உயரும் அதே வயதுக் குழந்தைகள்தாம் இவர்கள். இந்த எண்கள் வெளியான பின்னும் கொள்கை வகுப்போர் 'நடத்தை மாற்றம்' பற்றியே பேசுகின்றனர். கீரை சத்துள்ளது என்று தாய்க்குத் தெரியவில்லையாம், தெரியப்படுத்தினால் சரியாகிவிடுமாம். முட்டை சத்துள்ளது என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2015இல் மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டை வழங்கலாம் என்ற யோசனை எழுந்தபோது அன்றைய முதலமைச்சர் சிவ்ராஜ் சிங் சௌகான் அதை நிராகரித்தார். ஊட்டக்குறைவில் வாடும் பழங்குடிக் குழந்தைகள் பெருந்தொகையாக வாழும் மாநிலம் அது. முட்டை அவர்களுடைய பழக்கத்துக்கு விரோதமான உணவும் அன்று. நடத்தை மாற வேண்டியவர் யார்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சடங்கைக் கண்டதும் சடங்கு செய்யும் பெண்ணை எள்ளி நகையாடுவது பகுத்தறிவின் மலிவான வகை. மதத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதிய பத்தியில் அபின் வரும் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதற்கு முந்தைய வாக்கியத்தையும் படிப்பது நல்லது. வங்கத்தில் இச்சடங்குக்கு 'சாத்' என்று பெயர். ஆசை என்பது பொருள். மராட்டியத்தில் 'டோஹாளே ஜேவண்'. மசக்கைக்காரி விரும்பியதை உண்ணும் விருந்து. கேரளத்தில் புளிகுடி. தமிழர் வளைகாப்பில் ஐந்து வகையோ ஏழு வகையோ சித்திரான்னம். எல்லாவற்றிலும் நடுவே இருப்பது உணவு. வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள், ஆண்டு முழுதும் தனக்கென்று எதையும் கேட்காதவள், அந்த ஒருநாள் முதலில் அமர்ந்து விரும்பியதை உண்கிறாள். மற்ற நாள்களில் அவளுக்கு மறுக்கப்படுவது என்ன என்பதைக் குடும்பம் அறிந்தே இருக்கிறது என்பதற்கு இச்சடங்கே ஒப்புதல் வாக்குமூலம். பெண்கள் தமக்குள் பாடி, சிரித்து, ஒருவர் வலியை ஒருவர் கேட்டுக்கொள்ளும் பொழுதும் அதுவே. அதைப் பழிக்க உழைக்கும் மக்களின் கட்சிக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆயினும் அதே சடங்குக்குள் வேலிகளும் உண்டு. திலகமிடவும் வளையல் அணிவிக்கவும் கணவன் உயிரோடு இருக்கும் பெண்களையே மரபு அழைக்கிறது. விதவை ஓரமாக நிற்பாள், அல்லது வரவே மாட்டாள். குழந்தை இல்லாதவளின் கை படக்கூடாது என்பர். பாடல்களிலும் வாழ்த்துகளிலும் எதிர்பார்க்கப்படுவது மகன். தமிழில் 'மடி' என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்பது நினைவுக்கு வருகிறது. தீண்டாமைக்கு ஆசாரம் சூட்டிய செல்லப் பெயர் அது. இரண்டு மடிகளும் ஒரே வீட்டில் வாழ்ந்தவை. ஒரு குடும்பம் இச்சடங்கைச் செய்யும்போது அந்த வேலிகளோடு போராட வேண்டியவர்கள் அக்குடும்பத்துப் பெண்கள். மதச்சார்பற்ற குடியரசு தன் செலவில், தன் ஊழியரைக் கொண்டு, தன் கட்டடத்தில் அதைச் செய்யும்போது நிலைமை வேறு. சட்டத்தின் மொழியில் சுமங்கலி இல்லை, விதவை இல்லை. கர்ப்பிணி என்ற ஒரே தகுதி போதும். உரிமையைச் சடங்காக்கும்போது அந்தப் பொதுமை நழுவுகிறது. இஸ்லாமியப் பெண்ணும் கிறித்தவப் பழங்குடிப் பெண்ணும் திலகத்தை ஏற்று அமரவேண்டும், அல்லது படத்துக்கு வெளியே நிற்கவேண்டும்.

இந்த நழுவல் எங்கே கொண்டுபோகும் என்பதை 2023இல் ஆர்எஸ்எஸ் சார்பு மகளிர் அமைப்பொன்று தொடங்கிய 'கர்ப்ப சம்ஸ்கார்' இயக்கம் காட்டியது. கருவிலிருக்கும் குழந்தைக்குக் கீதையும் இராமாயணமும் ஓதிப் பண்பாட்டைப் புகட்டும் திட்டம் அது. மருத்துவர்களையும் அதற்குள் இழுத்தது. இரத்தசோகையுள்ள வயிற்றில் வளரும் கருவுக்கு இரும்புச்சத்தைவிடச் சுலோகம் முதன்மையாகிவிட்டது.

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். கரும்பு வெட்டப் போகும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வெட்டுக்கத்தியாக, ஒரே கணக்காக எழுதப்படுவார்கள். முன்பணம் வாங்கியவர்கள்; ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிடாயும் கர்ப்பமும் அங்கே அபராதத்துக்குரிய குற்றங்கள். 2019இல் மாநில அரசு அமைத்த குழு கணக்கெடுத்தபோது, 82,000க்கும் மேற்பட்ட பெண் கரும்புத் தொழிலாளர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது. மசக்கையின் ஆசைக்கு விருந்து வைக்கும் அதே மண்ணில், கூலி கெடாமலிருக்கக் கருப்பையையே இழக்கிறாள் ஒருத்தி. அவள் மடியில் எந்தத் தேங்காயை வைப்பது?

பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ஜார்க்கண்டிலும் ஜிதியா என்றொரு விரதம் உண்டு. ஆஸ்வின மாதத் தேய்பிறை எட்டாம் நாளில் தாய்மார் பிள்ளைகளின் நீண்ட ஆயுளுக்காகத் தண்ணீரும் அருந்தாமல் இருப்பார்கள். விரதத்துக்கு முந்தைய நாள் கேழ்வரகு ரொட்டியும் நோனிக் கீரையும் உண்பது வழக்கம். பெரும்பாலும் செப்டம்பரில் வரும் இவ்விரதமும் அரசின் ஊட்டச்சத்து மாதமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்கின்றன. அந்தத் தாய்மாரின் அன்பில் ஐயுற ஒன்றுமில்லை. 2019 ஜூனில் முசாபர்பூரிலும் சுற்று மாவட்டங்களிலும் மூளைக்காய்ச்சல் நோய்க்கூறால் 150க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது மருத்துவமனைத் தாழ்வாரங்களில் அழுதவர்கள் அந்தத் தாய்மார்தாம். லிச்சிப் பழத்திலுள்ள நச்சும், இரவு உணவின்றி உறங்கப்போன வெறும் வயிறும் சேரும்போது குழந்தையின் இரத்தச் சர்க்கரை திடீரென வீழ்கிறது என்று 2017இலேயே ஆய்வு வெளியாகியிருந்தது. ஒரு வேளை இரவுச் சோறும் உடனடிக் குளுக்கோசும் அரசால் உறுதிசெய்யக் கூடியவை. பிள்ளையின் ஆயுளுக்காகப் பட்டினி கிடக்கத் தாய் இருக்கிறாள் என்பதால் ஆள்வோரின் கடமை குறைந்துவிடாது.

இனி, சடங்கை நடத்துபவரைப் பார்ப்போம். தேங்காய் வாங்கியவர், பலகை போட்டவர், படத்தை ஏற்றியவர் அங்கன்வாடி ஊழியர். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இப்பெண்களின் தோளில் அரை நூற்றாண்டு கடந்தது. இன்றும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளர் அல்லர், 'கௌரவ ஊழியர்'. அவர்கள் பெறுவது ஊதியமன்று, 'மான்தேய்', அதாவது மதிப்பூதியம். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு தன் பங்காக நிர்ணயித்தது ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் கூட்டித் தருவது அந்தந்த மாநிலப் போராட்டத்தின் வலிமையைப் பொறுத்தது. பெயர் சூட்டுவதில் மட்டும் அரசுக்குக் குறையே இல்லை. பீகார் மருத்துவமனைகளில் பிரசவித்த தாயையும் சிசுவையும் கவனிக்கும் பெண்களுக்குப் பிரசவக் கணக்கில்தான் தொகை. பெயரோ 'மம்தா', தாய்ப்பாசம். ஒடிசாவில் அதே பணியிலிருந்தோர்க்கு 'யசோதா'. பெறாத பிள்ளையைப் பேணியவளின் பெயரைச் சூட்டிவிட்டால் கூலி கேட்பது பாசத்துக்கு இழுக்காகிவிடும் அல்லவா? கண்ணனை வளர்த்தவள் சம்பளப் பட்டியல் கேட்டாளா என்று கேட்பார்கள் போலும்.

கேட்டார்கள். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டுமென 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமர்ந்த மாநாடு அது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் ஆந்திர அங்கன்வாடிப் பெண்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 42 நாள் நீடித்தது. அன்றைய மாநில அரசு அவர்கள்மீது அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை ஏவியது. ஊதியம் தரும்போது தொண்டு, வேலையை நிறுத்தினால் அத்தியாவசியப் பணி! தில்லியிலும் 2022இல் அதே சட்டம், நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம். இரு அரசுகளும் பாஜக அரசுகள் அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தாய்மையைச் சமூகத்தின் பொறுப்பாகக் கருதிய வேறொரு மரபு இந்த நாட்டுக்கும் உண்டு. நவம்பர் புரட்சி நடந்த சில வாரங்களிலேயே சோவியத் அரசு உழைக்கும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் எட்டெட்டு வாரம் ஊதியத்துடன் ஓய்வு அளித்தது. 1919இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு மகப்பேறு பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதையும், அதன் பின்வந்த 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பதும், ஆகவே அச்சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பதும் அவர் வாதம். மறு ஆண்டு சட்டம் வந்தது. திலகமும் தேங்காயும் இல்லாமல் அன்று நடந்த அந்த விவாதத்தில் தாய்க்கு இன்றைய சடங்கைவிட மிகுந்த மரியாதை இருந்தது.

இச்சடங்குகளை முற்றாகப் புறக்கணிக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். பண்பாட்டு விஷயம், தலையிட வேண்டாம் என்பது மற்றொரு சாரார் நிலை. முதல் நிலை அங்கே கூடியிருக்கும் பெண்களைக் கைவிடுகிறது. இரண்டாவது, அரசின் ஏமாற்றைப் பண்பாட்டின் கணக்கில் எழுதிவிடுகிறது. மாதம் இருமுறை, ஒரே வட்டாரத்தின் கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் அரசே ஓரிடத்தில் திரட்டிக் கொடுக்கிறது. அங்கே கேட்க வேண்டியவை சில எளிய கேள்விகள். முதல் தவணை வந்ததா? விண்ணப்பம் எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது? இரண்டாம் குழந்தை ஆண் என்பதால் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் எத்தனை பேர்? முகம் பொருந்தாததால் பொட்டலம் இல்லாமல் திரும்பியவர் யார்? பதில்களைப் பெயர் வாரியாக எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்தப் பட்டியலை அங்கன்வாடி ஊழியரின் முகத்துக்கு நேரே நீட்டக்கூடாது. 250 ரூபாயில் தேங்காயும் பழமும் வாங்கி மிச்சத்துக்குத் தன் கைக்காசைப் போட்டவர் அவர். அவரையும் அழைத்துக்கொண்டு, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் மேசைக்குப் போக வேண்டும்.